கீழ் வீட்டு மீட்டர்

பாராட்டு விழா ஆன்லைனில் நடந்தது. அதில் ஒரு வசதி. கேமராவை அணைத்துவிட்டால் முகத்தை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். துணைவேந்தர் என் ஓரகத்தியைப் புகழ்ந்துகொண்டிருந்த நேரம் முழுக்க நான் அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டேன்.

"நம்ம பல்கலைக்கழகத்தோட கார்பன் வெளியேற்றம் ஒரே வருஷத்துல பாதியா குறைஞ்சிருக்கு. வகுப்பை வீட்டுக்கே கொண்டு போய்ச் சேர்த்த நம்ம இணையவழிக் கல்வி மையத்துக்குத்தான் இந்தப் பெருமை," என்றார் அவர். "மேடம், எல்லாரும் உங்களுக்குக் கைதட்டுறோம், பாருங்க."

திரை முழுக்க மஞ்சள் நிறக் கைகள் முளைத்தன. நானும் ஒரு கையை அமுக்கினேன். அமுக்காவிட்டால் யார் அமுக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

அவள் என் கணவரின் தம்பி மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவ, நான் பெரியவ. மாமனார் கட்டிய ஒரே வீட்டில் நாங்கள் மாடியிலும் அவர்கள் கீழேயும் இருக்கிறோம். வேலையும் ஒரே பல்கலைக்கழகத்தில்தான். அவள் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள், நோய் பரவி வளாகத்தின் கேட்டை மூடிய பிறகு இணையவழிக் கல்வி மையத்துக்குத் தலைவி ஆனாள். நான் எரிசக்திப் பிரிவின் பொறியாளர். பல்கலைக்கழகம் எரிக்கிற மின்சாரம், டீசல், கேஸ் எல்லாவற்றுக்கும் கணக்கு வைப்பதும், அதைக் குறைக்கச் சொல்லி ஒவ்வொரு துறையாகப் போய்க் கெஞ்சுவதும் என் வேலை. ஆளில்லாத அறைகளில் விளக்கை அணைத்து அணைத்து எனக்கு 'ஸ்விட்ச் மேடம்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

எத்தனை வருஷம் கெஞ்சியிருப்பேன்! குளிர் தாங்காமல் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்காருவார்களே தவிர, ஏசியைக் குறைக்க ஒரு பேராசிரியருக்கும் மனசு வராது. வேதியியல் ஆய்வகத்தில் புகை இழுக்கும் பெட்டிகளின் கண்ணாடியை இறக்கி வையுங்கள், மின்சாரம் மிச்சமாகும் என்று பெட்டிக்குப் பெட்டி ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்த ஸ்டிக்கரில் போன் நம்பர் எழுதி வைத்தார்கள். இப்படி நாயாய் அலைந்து நான் குறைத்தது நகத்தளவு. நோய் வந்தது, கேட்டை மூடினார்கள், மீட்டர் தானாக விழுந்தது. இவள் அதற்காக ஒரு பல்பைக்கூட அணைக்கவில்லை. வீட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "என் குரல் கேக்குதா?" என்று கேட்டாள். பாதியைக் குறைத்தவள் என்று பெயர் வாங்கிவிட்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கில்லை.

அதோடு போயிருந்தால் ஒரு வாரம் யாரிடமும் பேசாமல் இருந்து சரியாகியிருப்பேன். விழா முடிகிற நேரத்தில் துணைவேந்தர் இன்னொன்றையும் சொன்னார். 'பசுமை வளாக இயக்குநர்' என்று ஒரு புதுப் பதவி வரப்போகிறதாம். எரிசக்திப் பிரிவு அதற்குக் கீழே வரும். அப்படி ஒரு பதவி வேண்டும் என்று வருஷா வருஷம் எழுதிக் கொடுத்தவள் நான். அந்தப் பதவிக்கு இரண்டு பேரைப் பரிசீலிக்கிறார்கள் என்று பதிவாளர் மறுநாள் எனக்குப் போன் செய்து சொன்னார். ஒன்று நான். இன்னொன்று யார் என்று நான் கேட்கவே இல்லை. அவள் வந்துவிட்டால், வீட்டில் என்னை அக்கா என்று கூப்பிடுகிறவளிடம் லீவு லெட்டர் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

நோய்க்காலத்திலும் நான் தினமும் வளாகத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆய்வகங்களில் மாதிரிகள் வைத்திருக்கும் குளிர்பெட்டிகளை நிறுத்த முடியாது. சர்வர் அறையை நிறுத்த முடியாது. நானும் காவலாளிகளும்தான் அங்கே மனிதர்கள். ஒருநாள் பெரிய விரிவுரைக் கூடத்தின் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உள்ளே விளக்கெல்லாம் எரிகிறது. ஆள் அசைந்தால் எரிகிற விளக்குகள் அவை, நான் போராடி வாங்கிப் போட்டவை. உள்ளே போனேன். ஒரு ஈ காக்கா இல்லை. காற்றோட்டக் குழாயிலிருந்து வந்த காற்றில் ஜன்னல் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது, அதை ஆள் என்று நினைத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. நான் திரைச்சீலையை இழுத்துக் கட்டிவிட்டு அங்கேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். இங்கே உட்கார்ந்திருந்த பிள்ளைகள் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்? வீட்டில். அங்கே விளக்கு எரியாதா? ஏசி ஓடாதா?

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நூறு பேரை ஒரே ஏசியில் உட்கார வைத்த கூடம் இது. இப்போது அந்த நூறு பேரும் நூறு வீட்டில், நூறு ஏசியில். பல்கலைக்கழகத்தின் கணக்கு கேட்டோடு நின்றுவிடுகிறது. கேட்டுக்கு வெளியே எரிந்தால் அது நம் கணக்கில்லை. சின்னவ எதையும் குறைக்கவில்லை, இடம் மாற்றி வைத்திருக்கிறாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அந்தக் கூடத்திலிருந்து வெளியே வந்தது அதுவே முதல் தடவை.

வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். என் வீட்டில் கூடத்தில் ஒரு ஏசி உண்டு. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவள் வீட்டில் அது கண்டபடி ஓடக்கூடாது என்பது என் கொள்கை. அதனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது ரிமோட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவேன். ஆரம்பத்தில், வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் முறைத்தார், என் மகள் சண்டை போட்டாள். பிறகு இருவரும் வாயே திறக்கவில்லை. பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

என் மகள் அந்த வருஷம்தான் எங்கள் பல்கலைக்கழகத்திலேயே முதலாண்டு சேர்ந்திருந்தாள். வளாகத்தை இன்னும் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நான் மாலையில் வீடு திரும்பினால் அவள் பேச்சில் சித்தி புராணம்தான்.

"சித்தி இன்னிக்கு ஒரு கணக்கு சொல்லிக்குடுத்தாங்க பாரு, சான்ஸே இல்ல!"

"உனக்கு வாத்தியார் வேற ஆளுதானே? நீ எதுக்கு அங்க போய் ஒட்டிக்கிற?"

"சும்மாதாம்மா. கீழ ஒரு எட்டு போய்ட்டு வந்தேன்."

அந்த ஒரு எட்டு என் கண்ணைக் கரித்தது. மாமனாரும் கட்சி மாறியிருந்தார். சாப்பாடும் படுக்கையும் முன்பு போலவே எங்களோடு மாடியில்தான். ஆனால் வாயைத் திறந்தால் சின்னவளின் வகுப்பு. கேமராவுக்குப் படாத மூலையில் உட்கார்ந்து அவள் பாடத்தை அவர் கேட்கிறாராம். "சராசரிய நம்பி மோசம் போகக் கூடாதும்மா பெரியவளே," என்று ஒருநாள் எனக்கே சொல்லிக்கொடுத்தார். என் வேலையைப் பற்றி இத்தனை வருஷத்தில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். நம் தெருவில் கரண்ட் எப்போது வரும் என்று.

ஆக, நான் மும்முரமாக இறங்கினேன். மாணவர்களுக்கெல்லாம் கேள்விகள் அனுப்பினேன். வகுப்பு நேரத்தில் எந்த அறையில் இருக்கிறீர்கள், மின்விசிறியா ஏசியா, முன்பு பஸ்ஸில் வந்தீர்களா பைக்கிலா. பதில்கள் வந்து குவிந்தன. கூட்டிப் பார்த்தால் நான் நினைத்தது சரிதான். பஸ்ஸும் பைக்கும் ஓடாததில் மிச்சமானதை வீடுகள் கிட்டத்தட்ட அப்படியே எரித்துத் தீர்த்திருந்தன. வளாகத்தில் குறைந்தது உண்மை. ஆனால் அது பாதி என்று மார்தட்டுகிற அளவுக்கு இல்லை. வெறும் பொறாமையில் ஆரம்பித்த கணக்கு இவ்வளவு சரியாக வந்ததில் எனக்கே ஆச்சரியம்.

பதிவாளரிடம் காட்டினேன். பத்தி பத்தியாக எண்களைப் பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேடம், எனக்கே தலை சுத்துது. குழுவுல இருக்கிறவங்களுக்கு இதெல்லாம் ஏறாது. ஏதாவது ஒரு வீட்ட எடுத்துக்காட்டா காட்டுங்க. சட்டுனு புரிஞ்சிடும்."

ஒரு வீடு. வெளியே தேடிப் போக வேண்டியதே இல்லை. எங்கள் வாசல் கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி, அதற்குள் இரண்டு மீட்டர்கள், மேல் வீட்டுக்கு ஒன்று, கீழ் வீட்டுக்கு ஒன்று. ஒரே அளவு வீடு, ஒரே சுவர், ஒரே வெயில். மறுநாள் காலை கிளம்பும்போது பெட்டியைத் திறந்து பார்த்தேன். என்னுடைய மீட்டரில் சிவப்பு விளக்கு மெல்ல மெல்லக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. அவளுடையது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியிலேயே செருகியிருந்த கரண்ட் அட்டைகளில் பழைய அளவுகளைப் பார்த்தேன். நோய்க்கு முன்னால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கேட்டை மூடிய பிறகு என்னுடையது பாதியாக இறங்கியிருந்தது, அவளுடையது மூன்று பங்காக ஏறியிருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரு படம், தனித்தனியாக இரண்டு படம் எடுத்துக்கொண்டேன். கட்டுப்பாடாக இருக்கிற என் வீடும், பசுமைப் பட்டம் வாங்கியவளின் வீடும் அக்கம்பக்கமாக. இதைவிட எடுப்பான எடுத்துக்காட்டு எங்கே கிடைக்கும்?

என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"அவளோட மீட்டரையா காட்டப் போற? வேணாமே."

"ஏன்? தம்பி பொண்டாட்டின்னா மின்சாரம் எரியாதா?"

"அதுக்கில்ல..."

"எதுக்கில்ல? எப்பப் பாரு அவளுக்கே பரிஞ்சு பேசுங்க!"

அவர் எதையோ சொல்ல வந்தார். நான் அவரைப் பேசவே விடவில்லை.

குழு கூடிய அன்று எங்களை நேரில் வரச் சொன்னார்கள். கட்டுப்பாடுகள் கொஞ்சம் தளர்ந்திருந்த நேரம். நீண்ட மேஜையில் ஒரு நாற்காலி விட்டு ஒரு நாற்காலி, எல்லோர் முகத்திலும் முகக்கவசம். சின்னவளுக்கு நடுவில் வகுப்பு இருந்ததால் அவள் வீட்டிலிருந்தே திரையில் வந்தாள். சுவரை அடைத்துக்கொண்டு அவள் முகம். எனக்கு முன்னால் அவளைப் பேசச் சொன்னார்கள். எத்தனை வகுப்புகள் நடந்தன, எவ்வளவு பயணம் மிச்சமானது என்று அடக்கமாக, அழகாகச் சொன்னாள். தனக்கென்று எதையும் கேட்கவில்லை. அதுவே எனக்கு நடிப்பு மாதிரி இருந்தது.

அடுத்து நான். எண்களை வேகமாகத் தாண்டிவிட்டு நேராக மீட்டர் படத்துக்கு வந்தேன்.

"சார், இது ஒரே வீட்டோட ரெண்டு தளம். மேல இருக்கிறது தினமும் வளாகத்துக்கு வந்து வேலை பாக்கிற ஒருத்தரோட மீட்டர். பாதியா குறைஞ்சிருக்கு. கீழ இருக்கிறது வீட்டுலேருந்து பாடம் நடத்துறவங்களோட மீட்டர். மூணு மடங்கு. வகுப்ப வீட்டுக்கு அனுப்பினா கார்பன் எங்க போகுதுன்னு இதப் பாத்தாலே தெரியும். நாம கணக்க கேட்டுல நிறுத்திக்கிறோம், அதனாலதான் குறைஞ்ச மாதிரி தெரியுது."

மேஜையைச் சுற்றி ஒரு சிரிப்பு ஓடியது. யாருடைய வீடு என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. துணைவேந்தர் திரையைப் பார்த்துத் திரும்பினார்.

"மேடம், இது உங்க வீடா?"

அந்த நேரம் பார்த்துத் திரையின் ஓரத்தில் ஒரு கை வந்தது. அவள் பக்கத்தில் ஒரு டீ கோப்பையை வைத்தது. மணிக்கட்டில் நீல நிறக் கயிறு. என் மகளுடைய கை. எனக்கு ஒருநாள் ஒருபொழுது டீ போட்டுக் கொடுத்திருக்கிறாளா! கோப்பையை வைத்த கை அப்படியே நின்றது. சின்னவ அந்தப் பக்கம் திரும்பி, உள்ளங்கையை விரித்து, பொறு என்பது போலக் காட்டினாள். பிறகு எங்களைப் பார்த்தாள்.

"ஆமா சார். கீழ் மீட்டர் எங்களோடதுதான்," என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். ஒரு சமாதானம் இல்லை, ஒரு மறுப்பு இல்லை. மாட்டிக்கொண்டாள், வாயடைத்துப் போய்விட்டாள் என்று நான் பூரித்துப் போனேன். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது பதிவாளர், "பிரமாதம் மேடம், அந்தப் படம் ஒண்ணே போதும். அறிக்கையோட முதல் பக்கத்துல போட்டுடலாம்," என்றார். பதவியும் உங்களுக்குத்தான் என்பதுபோல அவர் புருவத்தை உயர்த்தியதை நான் கவனிக்காமல் இல்லை.

வழியில் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மகள் சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். மாமனார் நாற்காலியில். என் வீட்டுக்காரர் அப்போதுதான் படியேறி வந்தார், கையில் லேப்டாப். மூன்று பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்ன, யாருக்கும் வாழ்த்து சொல்லத் தோணலையா?"

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் மகள். "இன்னிக்கு நீ காட்டினியே ரெண்டு மீட்டர். அதுல நான் எதுல இருக்கேன்?"

"இது என்ன கேள்வி? மேல் மீட்டர்ல. நம்ம வீட்டுல."

"நான் காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் கீழதாம்மா இருக்கேன். என் லேப்டாப் அங்கதான் சார்ஜ் ஆகுது. அப்பா ஆபீஸ் மீட்டிங் எல்லாம் சித்தி வீட்டு சமையலறையில. தாத்தா பகல் தூக்கம் அங்கதான். நீ ரிமோட்ட எடுத்துட்டுப் போன அஞ்சாவது நிமிஷம் இங்க ஒருத்தரும் இருக்க மாட்டோம். நீ வர்றதுக்கு முன்னாடி மேல வந்துடுவோம்."

"ஒரு எட்டு போய்ட்டு வரேன்னுதானே சொன்ன?"

"நீ கோச்சுப்பேன்னு அப்படிச் சொன்னேன்."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன்.

"சொல்ல வந்தேன்," என்றார் அவர். "நீ எங்க சொல்ல விட்ட?"

மாமனார் தொண்டையைக் கனைத்தார். "சின்னவ, அவ புருஷன், குழந்தைன்னு அவ வீட்டு ஆளுங்க மூணு பேரு. மேலேருந்து போற நாங்க மூணு பேரு. அவ புருஷன் மருந்துக் கம்பெனியிலயே கெடக்கான், அவன விட்டுடு. ஆக அந்த மீட்டர்ல பாதிக்கு மேல நம்ம ஆளுங்கதாம்மா."

கேக் பெட்டி என் கையிலேயே இருந்தது. பல்கலைக்கழகம் கணக்கைக் கேட்டோடு நிறுத்திக்கொள்கிறது என்று அத்தனை பேர் முன்னால் முழங்கிவிட்டு வந்திருக்கிறேன். நான் என் கணக்கை மாடிப்படியோடு நிறுத்தியிருக்கிறேன். என் வீட்டில் குறைந்தது எல்லாம் கீழே ஏறியிருக்கிறது. இத்தனைக்கும் அவர்கள் கீழே போகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. அதற்காகத்தான் தினமும் எரிந்துகொண்டிருந்தேன். ஆனால் எரிச்சல் பட்டேனே தவிர, அதைக் கூட்டிப் பார்க்கவில்லை.

"மீட்டிங்ல நானே சொல்லிடலாம்னு முன்னாடி வரப் பாத்தேன்," என்றாள் மகள். "சித்திதான் வேணாம்னு கைய காட்டினாங்க."

கீழே போனேன். சின்னவ வகுப்பு முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்த அறையை அன்றுதான் நான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். ஒரே ஏசி. அதன் கீழே அவளுடைய மேஜை, அவள் குழந்தை படிக்கிற குட்டி மேஜை, என் மகளுடைய மேஜை, மாமனாரின் சாய்வு நாற்காலி. சமையலறை மேடையில் என் வீட்டுக்காரரின் சார்ஜர்.

"நீ ஏன் சொல்லல?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எதக்கா?"

"தெரியாத மாதிரி பேசாத. அந்த மீட்டர்ல என் வீட்டு ஆளுங்களும் இருக்காங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அங்கயே என் மூக்கு ஒடஞ்சிருக்கும். பதவி உன் மடியில விழுந்திருக்கும்."

அவள் ஒயரை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சொல்லியிருந்தா நாளைலேருந்து நீங்க அவள கீழ அனுப்ப மாட்டீங்க," என்றாள். "காலேஜ் சேர்ந்த வருஷம் அக்கா அது. ஒரு ஃப்ரெண்ட பாத்ததில்ல, ஒரு க்ளாஸ் ரூம் பாத்ததில்ல. மாடியில தனியா உக்காந்து அழுதிட்டிருந்தா. இங்க நாலு பேரு நடுவுல இருந்தா தேவலையேன்னுதான் மொத மொத கூப்பிட்டேன். அப்புறம், ஒரு ஏசில எல்லாரும் சேந்து உக்காந்தா மிச்சம்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க."

என் வாக்கியம். ஊர் முழுக்கக் கத்தி ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளாத என் வாக்கியத்தை, இவள் ஒருத்திதான் கேட்டிருக்கிறாள். என் மகள் அழுததும் இவளுக்குத்தான் தெரிந்திருக்கிறது. நான் சர்வர் அறை சூடாகிறதா என்று பார்க்கப் போயிருந்தேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அவள் மேல் பாசம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே அமைந்துவிட்டதே என்றுதான் இருந்தது. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கணக்குத் தீர்ந்திருக்கும்.

"உங்களுக்கு ஒண்ணு தெரியுமாக்கா?" என்றாள் அவள். "தினமும் நீங்க பையத் தோள்ல மாட்டிட்டு கேட்ட தாண்டிப் போறதப் பாக்கிறப்ப எனக்கு அப்படி ஆத்திரமா வரும். நீங்க பாட்டுக்கு மரத்தடியில நடக்கறீங்க. நான் இந்தச் சுவத்த பாத்து, 'என் குரல் கேக்குதா'ன்னு கத்திட்டிருக்கேன்."

"கேக் இருக்கு. குழந்தைக்குக் குடு," என்று பெட்டியை அவள் மேஜையில் வைத்துவிட்டு மேலே வந்தேன்.

அன்றைக்கே பதிவாளருக்குப் போன் செய்தேன். இரண்டு மீட்டரையும் ஒரே வீடாகக் கூட்ட வேண்டும், மேல் வீட்டு ஆட்கள் மூன்று பேர் பகல் முழுக்கக் கீழ் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள், அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள் என்றேன். மாணவர்களின் கணக்கு அப்படியே நிற்கும், படம் மட்டும் தப்பு.

"மேல் வீடு உங்களோடதுதானே மேடம்?"

"ஆமா."

"உங்க வீட்டுல யார் எங்க இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் சார் என்றும் சொல்ல முடியாது, தெரியாது சார் என்றும் சொல்ல முடியாது. "படத்த எடுத்துடுங்க சார்," என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில் கிளம்பும்போது ரிமோட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து, கூடத்து மேஜையின் நடுவில், கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இனிமே இங்கயே இருக்கும். போட்டுக்கோங்க," என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "தேங்க்ஸ்மா," என்றாள். அன்று எனக்கு மனசு லேசாக இருந்தது, மதியம் பதிவாளரிடமிருந்து செய்தி வரும் வரைக்கும்.

பதவி சின்னவளுக்கு. முதல் உத்தரவும் கூடவே வந்தது. இனி பல்கலைக்கழகத்தின் கார்பன் கணக்கு கேட்டோடு நிற்காது, மாணவர்களும் ஊழியர்களும் வீட்டில் எரிப்பதும் சேரும். ஒவ்வொரு வரியும் என்னுடையது. கீழே கையெழுத்து அவளுடையது. கணக்கைத் தயாரித்தவர் என்று என் பெயரையும் போட்டிருந்தாள். அதைப் பார்த்ததும் இன்னும் எரிந்தது.

வேலை ஓடவில்லை. வெயில் தாழ்வதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டேன். கேட்டைத் திறக்கும்போது பழக்கத்தில் மீட்டர் பெட்டியையும் திறந்தேன். மேல் மீட்டரின் விளக்கு மெல்ல மெல்லச் சிமிட்டிக்கொண்டிருந்தது. படியேறிப் போய்க் கதவைத் திறந்தேன். கூடத்தில் புழுக்கம். ஒருத்தரும் இல்லை. ரிமோட் நான் வைத்த இடத்தில், வைத்த மாதிரியே இருந்தது.

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. என் மகளுடைய சிரிப்பு. எங்கள் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. ஏசிக்காகத்தான் கீழே போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

படியிறங்கிப் போய்க் கதவைத் தள்ளினேன். சின்னவ பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கேமராவுக்குப் படாத பக்கத்திலிருந்து மாமனார் என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். என் மகள் சத்தம் போடாமல் எழுந்து ஒரு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். எழுதுவதை நிறுத்தாமலே சின்னவ ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் உட்கார்ந்தேன். அறை குளுகுளுவென்று இருந்தது. என் போனில் சார்ஜ் இல்லை. மகள் அதை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் செருகினாள்.